பறங்கிப் படைக்குக் கயிறு கட்டியவள்

டமாஸ்கஸ் நகரத்தை முற்றுகையிட்ட பறங்கிப் படைக்கு இரும்புச் சட்டை பின்னிக் கொடுத்தவள் இலங்கையின் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த சிவகொழுந்து. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். இரும்பு என்று பெயரே தவிர அது கனத்த கம்பளி நூல். தடித்த ஊசியில் வலைவலையாகப் பின்னி, மேலே வெள்ளி பெயின்ட் அடித்துவிட்டால் தொலைக்காட்சியில் சங்கிலிக் கவசமாகவே மின்னும். இரண்டாயிரத்து ஏழாம் வருடம், ரமதான் மாதத்தில் ஒளிபரப்புவதற்காக எடுத்துக்கொண்டிருந்த ஒரு சரித்திரத் தொடருக்கு உடை தைக்கும் குத்தகையைத் துபாய் கராமாவில் தையற்கடை வைத்திருந்த ஷியாமளா பிடித்திருந்தாள். பின்னியது முழுக்கச் சிவகொழுந்து. படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குப் போய் ஒவ்வொருவனுக்கும் அதை மாட்டிவிடுவதும், வேலை முடிந்ததும் கழற்றி வாங்கிக் கயிற்றில் தொங்கவிடுவதும் அவள்தான்.

அந்த உடையில் ஒரு தொல்லை உண்டு. தொழிலாளிகள் போடும் கவரால் மாதிரி கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டு. முன்பக்கம் பொத்தான் வைத்தால் கேமராவில் தெரியும் என்பதால் முதுகில் கயிறு கோத்து இறுக்கிக் கட்ட வேண்டும். போட்டுக்கொண்டவன் தானாகக் கழற்ற முடியாது. மற்றவர்கள் அவிழ்க்கிறேன் பேர்வழி என்று இழுத்துப் பின்னலைப் பிரித்துவிடுகிறார்கள் என்று முதல் வாரத்திலேயே சிவகொழுந்து சட்டம் போட்டுவிட்டாள். தன் கை படாமல் ஒரு முடிச்சும் அவிழக் கூடாது. அவள் வாய்க்குப் பயந்து யாரும் மீறவில்லை.

தொடரின் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புனிதப் போர் என்று கிளம்பி ஐரோப்பாவிலிருந்து இரண்டு ராஜாக்கள் வந்தார்கள். ஜெருசலேமை ஆண்ட பறங்கி ராஜாவும் சேர்ந்துகொண்டார். மூவருமாகப் போய் டமாஸ்கஸை வளைத்தார்கள். முதலில் இறங்கியது ஊருக்கு மேற்கே, பழத்தோட்டங்களுக்கு நடுவில். தண்ணீர் இருந்தது, நிழல் இருந்தது. அப்படியே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. யாரோ ஒருவர், கிழக்குப் பக்கத்து மதில் பலவீனமானது, அங்கே போவோம் என்று யோசனை சொல்ல, மொத்தப் படையும் பெயர்ந்து பொட்டல் பக்கம் போனது. அங்கே குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. பழைய இடத்துக்குத் திரும்பலாம் என்றால் ஊர்க்காரர்கள் தோட்டத்து வழியை அடைத்துவிட்டார்கள். சில நாள்கூடத் தாக்குப்பிடிக்காமல் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள்; ஓடுகிறவர்களை வழியெல்லாம் வில்லாளிகள் சாய்த்தார்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் சண்டை போட்டது டமாஸ்கஸ்காரனோடு அல்ல. அந்த யோசனையைச் சொன்னது யார் என்று தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள்.

சிவகொழுந்து அமீரகத்துக்கு வந்தது வீட்டு வேலைக்கு. ஷார்ஜாவில் உம்மு ஹானி என்ற அம்மாளின் வீடு. உம்மு ஹானி கெட்டவள் இல்லை. அதைச் சிவகொழுந்தே எங்கேயும் சொல்வாள். அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஊருக்குப் போக லீவு கேட்டால் மட்டும் ரமதான் முடியட்டும் என்பாள். ரமதான் முடிந்தால் பெருநாள், பெருநாள் முடிந்தால் மகன் கல்யாணம், அதுவும் முடிந்தால் மகளின் பிரசவம். மேனுஜா என்று சிவகொழுந்துக்கு ஒரே மகள். அவள் பெரியவளான சடங்குக்குக்கூடப் போக முடியவில்லை என்று ஆனபோது, குப்பை கொட்டப் பின்வாசலால் போனவள் அப்படியே நடந்துவிட்டாள். பாஸ்போர்ட் அந்த வீட்டு அலமாரியில் கிடக்கிறது. வேலைக்காரி ஓடிவிட்டாள் என்று வீட்டு எஜமானர், அதாவது அவளுக்கு விசா எடுத்துக் கொடுத்த கஃபீல், புகார் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவள் கல்லிவல்லி; காகிதம் இல்லாமல் ஒளிந்து திரிகிறவர்களுக்கு வளைகுடாவில் அதுதான் பெயர். உம்மு ஹானி வீட்டிலிருந்து அவள் எடுத்துவந்த ஒரே சொத்து அரபு மொழி. சமையலறையில் கற்ற அரபு என்பதால் அதில் இலக்கணம் கொஞ்சம் குறைவு, சரளம் அதிகம்.

அந்த மே மாதம் கல்லிவல்லிகள் நடுவே ஒரே பேச்சுத்தான். இந்தக் கோடையில் பொது மன்னிப்பு வரப்போகிறது. வந்தால் அபராதமில்லை, ஜெயிலில்லை. ஊருக்குப் போகிறவன் போகலாம், புது விசா கிடைத்தவன் இங்கேயே இருக்கலாம். ஷியாமளா தன் கடைப் பெயரில் விசா எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். முறையாக லீவு போட்டு ஊருக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு முறையாகத் திரும்பி வரலாம். அதற்குள் மட்டும் மாட்டக் கூடாது. மாட்டினால் கைரேகை எடுத்து அனுப்பிவிடுவார்கள். பிறகு இந்த மண்ணில் கால் வைக்க முடியாது. சிவகொழுந்து தெருவில் போலீஸ் வண்டியைக் கண்டால் காய்கறிக் கடைக்குள் புகுந்து வேண்டாத சுரைக்காயை விலை கேட்டுக்கொண்டிருப்பாள். அப்படித்தான் அந்த மாதம் போனது.

பறங்கிப் படையின் முன்வரிசைக்கு ரஷ்யர்களும் லெபனான்காரர்களும் கிடைத்தார்கள். பின்வரிசைக்கும், பிணமாகக் கிடப்பதற்கும் ஜெபல் அலி கிடங்குகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள். தலைக்கவசம் மூக்கு வரை மூடிவிடுவதால் பாரிஸா பெரம்பலூரா என்று கேமராவுக்குத் தெரியாது. நடையை மட்டும் மாற்ற முடியவில்லை. பிரெஞ்சு ராஜாவின் காலாட்படை வரப்பில் நடப்பதுபோல ஒற்றை வரிசையில் போனது. அவர்களைப் பிடித்து வந்தவன் சேதுராமன், கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர், புதுக்கோட்டைக்காரன். வெள்ளிக்கிழமை விடுமுறையில் கம்பெனி பஸ்ஸிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு லஹ்பாப் பக்கத்துப் பாலைவனத்துக்கு வந்துவிடுவான். சொந்தக் கஃபீலை விட்டுவிட்டு வெளியே வேலை செய்வது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் சேதுராமன் உட்பட அத்தனை பேரும் விமானம் ஏற வேண்டியதுதான்.

இது நடந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பு வரை படப்பிடிப்பு ஒரு பேரீச்சந்தோட்டத்து ஓரமாக நடந்தது. தோட்டத்தில் பாசனத்துக்குக் கட்டிய சிமெண்டுத் தொட்டி, பக்கத்தில் கேன் கேனாகக் குடிதண்ணீர், படுக்க நிழல். அன்று காலை கதைப்படி படை கிழக்கே பெயர வேண்டும் என்று இயக்குநர் எல்லோரையும் மணல் மேடு தாண்டிப் பொட்டலுக்குக் கொண்டுபோனார். உடை மாற்றும் கூடாரம் வந்தது, மதிலேறும் மரக்கோபுரம் வந்தது, பஞ்சு அடைத்த பிணப் பொம்மைகளும் லாரியில் வந்தன. தண்ணீர்க் கேன்களில் பாதிதான் வந்தது. மீதியை அப்புறம் கொண்டுவரலாம் என்று யாரோ சொன்னார்கள். ஆனாலும் கூடாரத்தில் தண்ணீர் இருந்தது. அதை நான் அழுத்திச் சொல்கிறேன், பிற்பாடு அது பெரிய கேள்வியாக ஆனது.

விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களுக்குச் சிவகொழுந்து ஒவ்வொருவராகக் கயிறு கட்டினாள். அதில் சோலைமுத்து என்று ஒருவன், அரியலூர்ப் பக்கத்துக்காரன், முப்பதை எட்டாதவன். ஜெபல் அலியில் மீனும் இறைச்சியும் உறையவைக்கும் குளிர்க் கிடங்கில் அவனுக்கு நைட் டூட்டி. ராத்திரி முழுக்கப் பனியில் பெட்டி தூக்கிவிட்டு அப்படியே பஸ் ஏறியிருந்தான். உடம்பில் சில்லிப்பு இன்னும் போகவில்லை என்று சொல்லி, இறுக்கிக் கட்டச் சொன்னான். சிவகொழுந்தும் இறுக்கித்தான் கட்டினாள்.

காலை முழுவதும் யாரும் கயிறு அவிழ்க்கச் சொல்லிக் கூடாரத்துக்கு வரவில்லை. அவளுக்கு அதில் சந்தோஷம்தான், வேலை மிச்சம். முற்றுகை தோற்று, களம் பிணக்காடாகக் கிடக்கும் காட்சியை எடுத்தார்கள். பொம்மைகளோடு பொம்மையாக நம்மவர்களும் மணலில் கிடந்தார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் கிடப்பவன் மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். பிற்பாடு, ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது, வந்து தொடரலாம் என்று இயக்குநரும் ஆட்களும் ஜீப்புகளில் ஏறிப் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போனார்கள். காவலுக்கு இருந்த பட்டாணும் போய்விட்டான். முன்வரிசைக்காரர்கள் சாயங்காலக் காட்சிக்குத்தான் வருவார்கள். எஞ்சியது நம்மவர்களும் அவர்கள் பஸ்ஸும்தான்.

சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் வந்து முதுகைக் காட்டி நின்றார்கள். சிவகொழுந்து அவிழ்த்து அவிழ்த்துக் கயிற்றில் தொங்கவிட்டாள். கடைசியில் பார்த்தால் ஓரிடம் காலியாக இருந்தது. யார் வரவில்லை என்று கேட்டாள். ஜெயசீலன் என்ற பையன்தான் பதில் சொன்னான், சோலைமுத்துவின் அறைக்காரன். சோலைமுத்து கோபுரத்து நிழலில் பிணமாகக் கிடந்தவன் அப்படியே தூங்கிவிட்டான், கட் சொன்னதுகூடத் தெரியவில்லை, முகத்தில் வெயில் படாமல் கேடயத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றான்.

"எழுப்பாதீங்கக்கா. நைட் டூட்டி பாத்த ஆளு."

லேபர் கேம்ப்பில் இருந்தவர்களுக்கு இது புரியும். ஒரே அறையில் பகல் வேலைக்காரனும் இரவு வேலைக்காரனும் படுத்து எழுகிற இடத்தில், மற்ற எந்த ஒழுங்கு தவறினாலும் இந்த ஒன்று தவறாது. நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவனை யாரும் எழுப்பக் கூடாது. விளக்குப் போட மாட்டார்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள், அவன் போன் அடித்தால் எடுத்து வெளியே போய்ப் பேசுவார்கள். சோலைமுத்துவைத் தாண்டி வந்த ஒவ்வொருவனும் அந்த மரியாதையைச் செய்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

சிவகொழுந்து கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். சூரியன் உச்சியில் நின்றது. கோபுரத்தின் கீழ் நிழல் என்று ஒன்றுமே இல்லை. கம்பளி எவ்வளவு கனம் என்பது பின்னிய அவள் கைக்குத்தான் தெரியும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

கேடயத்தை விலக்கியபோது முகம் சிவந்து, தோல் காய்ந்து கிடந்தது. வியர்வை ஒரு துளி இல்லை. கன்னத்தில் கை வைத்தவள் அடுப்பில் பட்டதுபோல எடுத்துக்கொண்டாள். தட்டினாள், உலுக்கினாள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கண் பாதி திறந்தது. ஆளை அடையாளம் காணவில்லை. "கதவச் சாத்து, குளுரு வெளிய போவுது" என்று முனகினான். அவன் குளிர்க் கிடங்கிலேயே இருந்தான். சிவகொழுந்து அவனைப் புரட்டிப் போட்டு, இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்து, தான் கட்டிய கயிற்றைக் கழுத்திலிருந்து கீழ் வரை வெட்டினாள். பின்னலும் சேர்ந்து கிழிந்தது. பின்னல் பிரியக் கூடாது என்று சட்டம் போட்டவளே அதை முதலில் கிழித்தாள்.

அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். கூடாரத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து தலையில் ஊற்றியதில் அது தீர்ந்தது. தொட்டி இருப்பது தோட்டத்தில், மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம். மதிலில் சாத்த வைத்திருந்த ஏணியில் அவனைக் கிடத்தி, நான்கு பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். மணலில் கால் புதைந்து இரண்டு முறை ஏணியே சாய்ந்தது. தோட்டத்துக்கு வந்து தொட்டியோரம் இறக்கி, தலைக்கவசத்தையே வாளியாக்கி மொண்டு மொண்டு ஊற்றினார்கள். ஊற்றிய நீர் அவன் உடம்பில் ஓடிச் சூடாகக் கீழே வந்தது.

பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று சிவகொழுந்து சொன்னாள். சேதுராமன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தான். பஸ்ஸின் பக்கவாட்டில் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே போலீஸ் உட்கார்ந்திருக்கும். எங்கே வேலை, இங்கே எப்படி வந்தாய், உன் கஃபீல் யார் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். கடைசியில், கேம்ப்புக்கே கொண்டுபோய்விடலாம், அங்கே ஏசி இருக்கிறது, தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் ஊசி போடுவார் என்றான். கேம்ப்புக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். லேபர் பஸ்ஸில் ஏசி கிடையாது, தகரக் கூரை. போய்ச் சேர்வது சோலைமுத்துவாக இருக்காது, அவன் உடம்பாகத்தான் இருக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவனுக்கும் ஊரில் ஒரு வீடு பாதி கட்டிய நிலையில் நின்றது, இல்லையென்றால் தங்கைக்குத் தேதி குறித்திருந்தது. அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. நான் அந்த இடத்தில் நின்றதில்லை.

நான்கு பேர் ஏணியைத் தூக்கப் போனார்கள். சிவகொழுந்து குறுக்கே உட்கார்ந்து ஏணியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கொடுக்க ஏலாது என்றாள். பிறகு சேலைத் தலைப்பில் முடிந்திருந்த போனை எடுத்தாள்.

சேதுராமனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, யோசிச்சுப் பண்ணுங்க. எங்களுக்காவது பத்தாக்கா இருக்கு. ஒங்களுக்கு என்ன இருக்கு?"

அவன் சொன்னது அடையாள அட்டையை. பயமுறுத்துவதற்காக அல்ல, உண்மையாகவே அவளுக்காகவும் பயந்துதான் சொன்னான். சிவகொழுந்து அதை யோசிக்காமல் இல்லை. மேனுஜாவை நினைத்தாள். இன்னும் சில வாரம் பொறுத்தால் போதும் என்பதையும் நினைத்தாள். ஏணியில் கிடந்தவனின் நெஞ்சு மேலும் கீழும் வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 999 அடித்தாள். பேச்சு முழுக்க அரபியில். லஹ்பாப் ரவுண்டானா தாண்டி எந்தத் திருப்பம், எந்தப் பண்ணையின் பச்சைக் கேட், அங்கிருந்து மண்பாதை எந்தப் பக்கம் பிரிகிறது என்று அழுகையில்லாமல் சொன்னாள். பெயர் கேட்டார்கள், சொன்னாள்.

அவள் போனை வைப்பதற்குள் பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. சிலர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு பக்கச் செருப்பு மணலில் கிடந்தது. படை தோற்று ஓடும் காட்சியை அன்று சாயங்காலம்தான் எடுப்பதாக இருந்தது; கேமரா இல்லாமலே நடந்துவிட்டது. சேதுராமன் பஸ் கதவில் நின்று, வாங்கக்கா, நீங்களும் ஏறிக்குங்க என்று கூப்பிட்டான். ஜெயசீலன் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினான். அவன் அழுதுகொண்டிருந்தான். சிவகொழுந்து திரும்பிப் பார்க்கவில்லை. தலைக்கவசத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது.

அதன் பிறகு இருந்த நேரத்தைப் பற்றி அவள் அதிகம் சொன்னதில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தேன் என்பாள். நடுவில் அவன் முனகுவது நின்றுவிட்டது. மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு மறுபடி ஊற்றினாள். ஷியாமளாவுக்குப் போன் போட்டாள். ஷியாமளா விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் தோட்டத்துக்குள்ளே போய் மறைந்துகொள், அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், நான் வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன் என்றாள். நல்ல யோசனைதான். தோட்டம் அடர்த்தி, ஒளிய இடமும் இருந்தது. ஆனால் அவள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திய நேரமெல்லாம் அவன் உடம்பு மறுபடி கொதித்தது. எப்போது நிறுத்துவது, எப்போது ஓடுவது?

முதலில் வந்தது ஆம்புலன்ஸ் அல்ல, போலீஸ் ரோந்து வண்டி. அதை ஓட்டி வந்த இளம் போலீஸ்காரன் வழி தவறி மணல் மேட்டுப் பக்கம் ஏறி, பொட்டலெங்கும் பிணமாகக் கிடப்பதைப் பார்த்துப் பிரேக் அடித்து, துப்பாக்கியில் கை வைத்துக்கொண்டே இறங்கியிருக்கிறான். சிவகொழுந்து தொட்டியோரத்திலிருந்து கையை வீசிக் கூப்பிட்டாள். அங்கே கிடப்பதெல்லாம் பொம்மை, மனுஷன் இங்கே ஒருத்தன்தான், சீக்கிரம் வா என்று அரபியில் கத்தினாள். அவன் ஓடி வந்து, கேள்வி எதுவும் கேட்காமல், தன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு தலைக்கவசத்தை எடுத்து மொள்ள ஆரம்பித்தான். ஆம்புலன்ஸ் வந்து சோலைமுத்துவை ஏற்றிய பிறகுதான் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அட்டையைக் காட்டு என்று கேட்டான். மாஃபி என்றாள், இல்லை என்று. அவன் பெருமூச்சு விட்டான்.

அன்று ராத்திரி அவள் பெண்கள் காவலில் இருந்தாள். கைரேகை எடுத்தாயிற்று. உம்மு ஹானி வீட்டுப் பழைய புகார் கம்ப்யூட்டரில் உடனே வந்து நின்றது. ஊருக்கு அனுப்புவது உறுதி. ஆனால் விஷயம் அதோடு முடியாது போலிருந்தது. ஆஸ்பத்திரியில் சோலைமுத்து நினைவில்லாமல் கிடந்தான். சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றார்கள். வேலைக்கு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வெயிலில் போட்டது யார் என்று அதிகாரி விசாரிக்கத் தொடங்கினார். இயக்குநரின் ஆட்கள், ஆட்களைக் கவனிப்பது சேதுராமன் பொறுப்பு என்றார்கள். சேதுராமனைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, இடத்தை மாற்றியது இயக்குநர், தண்ணீரைத் தோட்டத்திலேயே விட்டது அவருடைய ஆட்கள் என்றான். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். உடை போட்டது அந்தப் பெண். முதுகில் கட்டியது அந்தப் பெண். அவள் அவிழ்க்காமல் யாரும் கழற்றக் கூடாது என்று சொன்னதும் அவள்தான். பத்தாக்கா இல்லாதவள் வேறு. பழி சொல்வதற்கு இவ்வளவு வசதியான ஆள் அவர்களுக்கு வேறு கிடைத்திருக்க மாட்டாள்.

சோலைமுத்து செத்துப்போனால் ஜெயில், பிழைத்தால் அவன் வாயில் வருவது என்னவோ அதுதான் தீர்ப்பு என்று காவலில் இருந்த மற்றப் பெண்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். சிவகொழுந்து தனக்காக வேண்டிக்கொள்ள முயன்றாள். கதிர்காமத்து முருகனை நினைத்தால் அந்த ஏறி இறங்கிய நெஞ்சுதான் கண்ணில் வந்தது. சரி, அவனுக்காகவே வேண்டிக்கொள்வோம் என்று விட்டுவிட்டாள்.

சில நாள் கழித்து அவனுக்கு நினைவு திரும்பியது. ஆனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வார்டில் இருந்த மலையாள நர்ஸுக்குத் தமிழும் அரபியும் புரியும். அவள் கேட்டும் சொல்லவில்லை. போலீஸ் என்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதனால் அதிகாரி ஒரு யோசனை செய்து, சிவகொழுந்தையே மொழிபெயர்க்கக் கூட்டிவரச் சொன்னார். அவள் மாற்றிச் சொன்னால் நர்ஸ் கண்டுபிடித்துவிடுவாள் என்பதும் அவர் கணக்கு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது, கூட வந்த பெண் போலீஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்து, பொது மன்னிப்பு அறிவித்துவிட்டார்கள், ஜூன் முதல் வாரத்திலிருந்து ஆரம்பம், நீ இன்னும் கொஞ்ச நாள் ஒளிந்திருக்கலாம் என்றாள். தனக்கு அது இனிப் பயன்படாது என்பது சிவகொழுந்துக்குத் தெரியும். அங்கேயே உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சோலைமுத்து பாதியாக இருந்தான். உதடு வெடித்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. அதிகாரி கேட்டதை அவள் அப்படியே தமிழில் கேட்டாள். கூடாரத்தில் தண்ணீர் இருந்ததா? இருந்தது என்று தலையாட்டினான். குடித்தாயா? இல்லை. குடிக்கக் கூடாதென்று யாராவது சொன்னார்களா? யாரும் சொல்லவில்லை. கட்டியதை அவிழ்க்க இந்தப் பெண் மறுத்தாளா? இல்லை. அப்படியானால் விடியற்காலையிலிருந்து ஒரு மடக்குக்கூட ஏன் குடிக்கவில்லை?

அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினான். அதிகாரியின் முகம் இறுகியது. இவன் யாருக்கோ பயந்து மறைக்கிறான் என்று அவர் சொன்னார். உனக்குப் பயந்தா என்று அவளையே பார்த்தார்.

"யாருக்கும் பயப்படாத. என்னால எண்டாலும் பரவால்ல, சொல்லிரு" என்றாள் சிவகொழுந்து.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே, கேட்பதற்குக் குனிய வேண்டிய குரலில் சொன்னான்.

"தண்ணி குடிச்சா ஒன்னுக்கு வரும்க்கா. வந்தா ஒங்ககிட்டத்தான் வந்து நிக்கணும், அவுத்து விடுங்கன்னு. பொம்பளையாள்கிட்ட அத எப்புடிக் கேப்பேன்? நாங்க யாருமே குடிக்கல."

சிவகொழுந்து காலை முழுக்க ஒருத்தனும் கூடாரப் பக்கம் வராததையும், அதில் தனக்கு வந்த சந்தோஷத்தையும் நினைத்தாள். ஒரு ஆண் உதவியாளை வைத்திருந்தால் போதும். ஒரு வார்த்தை, வெட்கப்படாமல் வாங்கடா என்று சொல்லியிருந்தால் போதும். அது அவள் மனத்தில் வரவேயில்லை. அந்தக் கூட்டம் முழுவதும் தாகத்தைக் கடித்துக்கொண்டு அவளுடைய மானத்தையும் தங்கள் மானத்தையும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். சிவகொழுந்து ஒரு வார்த்தை குறைக்காமல் அரபியில் சொன்னாள். வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது என்று சட்டம் போட்டது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். அதிகாரி பேனாவைத் திறந்தவர் அதை எழுதவில்லை. தண்ணீர் இருந்தது, அவன் குடிக்கவில்லை, யார் மேலும் புகார் இல்லை என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இவளை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள் என்று பெண் போலீஸிடம் சொன்னார்.

போகும்முன் சிவகொழுந்து நர்ஸைக் கேட்டுக்கொண்டு, தம்ளரில் தண்ணீர் வாங்கி அவன் தலையைத் தூக்கிப் பிடித்தாள். அவன் மெதுவாகக் குடித்தான். பாதியில் நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். இன்னமும் கூச்சம் போகவில்லை.

"முழுசாக் குடி" என்றாள். பிறகு நர்ஸைக் காட்டினாள். "வந்தா இந்தப் புள்ளயக் கூப்பிடு, வெக்கப்படாத. நான் இருக்க மாட்டேன்."